கப்பலுக்கு பிரேக் எங்கே?

கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு நாள் என் கணவரோடு இருந்தேன். பதின்மூன்றாம் நாள் லீவு முடிந்து அவர் போர்ட் பிளேருக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் என்னை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அது கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டிய வீட்டில் மாமனார் மாமியாரோடு இருந்தேன். எண்பதுகளின் கடைசி அது. வீட்டுக்குப் பின்னால் அப்போதும் நெல் விளைந்துகொண்டிருந்தது.

மாமனார் மின்சார ரயிலில் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும், பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும். நான் கல்யாணத்துக்கு முன்னால், கிண்டியில் காலேஜ் முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். பல்லாவரம், கிண்டி, மாம்பலம் என்று எங்கே போனாலும் அந்த ரயில்தான். எத்தனையோ நாள் அவர் ஓட்டிய வண்டியிலேயே போயிருப்பேன். இதை ஒருநாள் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுண்டு. சொல்லவில்லை. அந்த வீட்டில் மாமனாரிடம் மருமகள் உட்கார்ந்து பேசும் வழக்கமில்லை. "காபி வெச்சிருக்கேன் மாமா", "தபால் வந்திருக்கு மாமா" என்பதோடு சரி. அவரும் "சரிம்மா" என்பார். ஏழு மாதத்தில் எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சையும் ஒரு இன்லண்ட் லெட்டரில் எழுதி மிச்ச இடம் விட்டுவிடலாம்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, ஆனால் லீவு கிடைக்கவில்லை என்று கணவர் எழுதியபோது, என்னை யார் கொண்டுபோய் விடுவது என்ற பேச்சு வந்தது. மாமியாருக்குப் பெருங்களத்தூரில் பஸ் ஏறினால் வண்டலூர் வருவதற்குள் வாந்தி வரும். என் அப்பாவுக்கு ஆபீசில் ஆடிட். ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான் போறேன்" என்றார்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். "நீங்களா? மூணு நாள் கப்பல்ல இருக்கணும்."

"முப்பது வருஷமா பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் கப்பலோட புகைக்கூண்டு தெரியும். நான் இந்த கேபின்லேர்ந்து இறங்கி, அந்தக் கடைசி கேபின்ல ஏறி, திரும்பி வந்துடுவேன். அந்தப் பக்கம் போனதே இல்ல."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.

கிளம்புகிற நாளன்று காலையில், தினசரி காலண்டரில் அடுத்த நாலு நாளுக்கான தாள்களை அவர் முன்கூட்டியே கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வராத நாளை யாராவது கிழிப்பாங்களா?" என்று மாமியார் கத்தினார். அவர் பதில் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு டாக்ஸி வைக்கலாம் என்று என் அப்பா சொன்னதற்கு மட்டும் பதில் சொன்னார்: "எதுக்கு டாக்ஸி? நம்ம வண்டி இருக்கே."

ஆகவே இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், மூன்று பை, ஒரு ஜாடி மாவடு இவற்றோடு தாம்பரத்தில் ரயிலேறினோம். வண்டியை எடுக்க வந்த மோட்டார்மேன் மாமாவைப் பார்த்து, "எங்க சார், பெட்டியெல்லாம்?" என்று கேட்டார். "அந்தமான்" என்று மாமா சொன்னார். அவர் சும்மாச் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் சிரித்தார்.

கப்பல் நான் நினைத்ததுபோல் இல்லை. அது ஒரு வாகனமாகவே தெரியவில்லை. நாலு மாடி இரும்புக் கட்டடம் ஒன்றைத் தண்ணீர் ஓரமாகக் கட்டிவைத்தாற்போல் நின்றது. வலைக்குள் மூட்டைகளைப் போட்டுக் கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. சைக்கிள், கட்டில், தையல் மெஷின், வெங்காய மூட்டை எல்லாம் ஒரே வலையில் அந்தரத்தில் தொங்கின. எங்களுக்கு பங்க் கிளாஸ் டிக்கெட். படியிறங்கி, இன்னும் படியிறங்கிப் போனால் பெரிய கூடம். அதில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள் வரிசை வரிசையாக, கல்யாணச் சத்திரத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்த மாதிரி. பெயிண்ட் வாசனை, டீசல் வாசனை, யாரோ அதற்குள் பிரித்துவிட்ட புளிச்சோற்று வாசனை.

எனக்குக் கீழ்க்கட்டில், மாமாவுக்கு அடுத்த கட்டிலின் மேல்தட்டு. எதிர்க்கட்டிலில் ஐம்பது வயது அக்கா ஒருவர் ஏற்கெனவே சம்மணமிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ராயபுரத்துக்காரர். மகள் போர்ட் பிளேரில் இருக்கிறாளாம், வருஷத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறாராம்.

"இன்னாம்மா, மொத தபாவா?"

"ஆமாம்கா."

"தோ பாரு, வாந்தி வருதுன்னு சாப்டாம கெடக்காத. வயிறு காலியா கீதுன்னா அப்பத்தான் பேஜாரு. கொஞ்சம் பொரி துன்னுகினே இரு. ஆமா, அவரு யாரு, உங்கப்பாவா?"

"மாமனார்."

"மாமனாரா? எங்க போறாரு பாரு."

திரும்பிப் பார்த்தேன். மாமா பையை மேல்தட்டில் வீசிவிட்டு வந்த வழியே படியேறிக்கொண்டிருந்தார்.

மேல்தளத்துக்கு நானும் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சின்ன இழுவைப் படகுகள் கயிறு கட்டி எங்கள் கப்பலை இழுக்கத் தொடங்கின. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு தெரு அகலம். எந்தக் குலுக்கலும் இல்லை. நாங்கள் நிற்க, சென்னைதான் மெதுவாகப் பின்வாங்கியது.

துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் ஒரு படகு ஓடிக்கொண்டே கப்பலின் பக்கத்தில் ஒட்டியது. வெள்ளை உடையில் ஒருவர் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி வழியாக இறங்கி அந்தப் படகில் குதித்தார். மாமா பதறிப்போய், பக்கத்தில் நின்ற கப்பல் ஊழியரிடம் கேட்டார். "யாருங்க அது? ஓடற வண்டிலேர்ந்து இறங்கறாரு?"

"பைலட். ஹார்பரைத் தாண்டி விடற வரைக்கும் அவர் பொறுப்பு."

"அப்போ இனிமே?"

"இனிமே கேப்டன்."

"சிக்னல்லாம் எங்க இருக்கும்?"

அந்த மனிதர் கடலைக் காட்டினார். "இங்க சிக்னலும் இல்ல, லைனும் இல்ல சார்."

மாமா கடலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி, பிரேக் எங்க இருக்கு?"

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பலுக்கு ஏது சார் பிரேக்?"

மாமா சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கப்பல் முழுக்க அலைந்தார்.

இரண்டாம் நாள் விடிகாலையில் கட்டில் கம்பியைத் தட்டி என்னை எழுப்பினார். "சூரியன் வரப்போறான். மேல வாம்மா." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு கையில் கைக்கடிகாரத்தையும் மறு கையில் காலண்டர் தாளையும் வைத்துக்கொண்டு நின்றார். தாளின் ஓரத்தில் அச்சடித்திருந்த சூரிய உதய நேரத்தை விரலால் காட்டினார். "இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. ஆனா பாரு, வந்துட்டான்." கடலின் கோட்டுக்கு மேல் சிவப்பாக ஒரு நகத்துணுக்கு எட்டிப் பார்த்தது. "நாம அவனைப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கோம். அதான் சீக்கிரமா வரான். நாளைக்கு இன்னும் சீக்கிரம் வருவான், பாரேன்." ரயில்காரர் அல்லவா, நிமிஷக் கணக்கு. எனக்கோ அந்த அதிசயத்தைவிட, அவர் என்னை எழுப்பிக் கூப்பிட்டதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

அன்று முழுக்க அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடலின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாக எங்கே மாறியது என்று சமையற்காரரிடம் கேட்டார். பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி விழுந்தபோது, அவை எத்தனை விநாடி காற்றில் இருக்கின்றன என்று எண்ணினார். உயிர்காப்புப் படகில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்ததைப் படித்து, எத்தனை படகு என்று எண்ணி, பெருக்கிப் பார்த்து, "எல்லாருக்கும் இடம் இருக்கு" என்று ராயபுரத்து அக்காவிடம் வந்து சொன்னார். "நல்ல சேதி சொன்னீங்க போங்க" என்றார் அக்கா. நான் மட்டும் பொரியை மென்றுகொண்டு கட்டிலில் படுத்துக் கிடந்தேன். என் தலைக்குள் வேறு கேள்விகள். பன்னிரண்டு நாள் தெரிந்த ஒருவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் காலையில் காபியா டீயா என்பதுகூட நிச்சயமாகத் தெரியாது. மாமாவைக் கேட்டால் தெரியும். கேட்கக் கூச்சம்.

மூன்றாம் நாள், காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் இருக்கும். நான் படுத்திருந்தேன். இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அதிர்வு திடீரென்று நின்றது. அதுவரைக்கும் அந்த அதிர்வு இருந்ததே எனக்குத் தெரியாது. நின்ற பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். மேலே ஓடிய மின்விசிறிகள் சுற்றுவது குறைந்து நின்றன. பிறகு கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது. மெதுவாக நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. யாருடைய டம்ளரோ தரையில் உருண்டுகொண்டே போயிற்று.

ஒலிபெருக்கியில் ஹிந்தியில் ஏதோ சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அக்கா மேலே போய்ப் பார்த்து வருகிறேன் என்று போனார். பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்தார்.

"யாரோ ஒர்த்தரு கடல்ல வீந்துட்டாராம்மா. அதான் நிறுத்திட்டாங்களாம்."

"யாருக்கா?"

"தெரில. வயசானவராம். கண்ணாடி போட்டவராம்." சொல்லிவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். "உங்க மாமனாரு எங்க?"

மேல்தட்டைப் பார்த்தேன். போர்வை மடித்து வைத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே அவருடைய செருப்பு இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து விடப்பட்டிருந்தன. செருப்பில்லாமல் அவர் எங்கே போவார்?

படிகளில் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மேல்தளத்தில் ஒரு பக்கம் முழுக்க ஆட்கள் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் இடித்துப் புகுந்து பார்த்தேன். கடல் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. அதில் ஒன்றுமே இல்லை.  மாமியாருக்கு என்ன எழுதுவேன்? கரையில் நிற்கப் போகும் கணவரிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வேன்?

எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "வயசானவர், வெள்ளைச் சட்டை, கண்ணாடி…" எல்லா வயசானவரும் வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாகத்தான் இருந்தார்கள். கடைசியில், வேறு வழி தெரியாமல், "எல்லார்கிட்டயும் எதையாவது கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பார்" என்றேன்.

"யாரு, பிரேக் சாரா?" என்றார் கேன்டீன்காரர்.

"ஆமா! பார்த்தீங்களா?"

"காலையில பார்த்தேன். எஞ்சின் ரூம் கதவாண்ட நின்னுக்கிட்டு இருந்தார். தினமும் அங்கதானே நிப்பார்."

எஞ்சின் ரூம் கதவு கப்பலின் நடுவில், புகைக்கூண்டுக்குக் கீழே இருந்தது. உள்ளே வரக்கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினேன். யாரும் வரவில்லை. பிடியைத் திருகினேன், திறந்துகொண்டது. உள்ளேயிருந்து கொதிக்கிற காற்று முகத்தில் அறைந்தது. கம்பிக் கிராதிகளாலான படிகள் கீழே, கீழே போய்க்கொண்டிருந்தன. மூன்று மாடி ஆழத்தில், பெரிய வீட்டளவு பச்சை எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் ஐந்தாறு பேர் குனிந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் பனியனோடு, முட்டிவரை சுருட்டிய பேண்ட்டும் பழைய டியூட்டி ஷூவுமாக, ஒரு டார்ச்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பனியன் முழுக்கக் கரி.

"மாமா!"

என் குரல் அந்த இரும்புக் கிணற்றில் மோதி மோதி இறங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை.

"எங்க போனீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? நீங்க கடல்ல விழுந்துட்டீங்கன்னு சொல்றாங்க! செருப்பை விட்டுட்டு வந்திருக்கீங்க! நான் யார்கிட்ட போய் என்ன சொல்றது? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அப்படி ஒரு கத்தலை நான் அதற்கு முன் யாரிடமும் கத்தியதில்லை. மாமனாரிடம்! இத்தனை ஆண்களுக்கு நடுவில்!

 கீழேயிருந்து அவர் குரல் வந்தது, தணிவாக: "இதோ வந்துட்டேம்மா. ரெண்டு நிமிஷம். டார்ச் புடிச்சிருக்கேன்."

பக்கத்தில் நின்ற எஞ்சினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மேலேயிருந்தே தெரிந்தது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தினாலா நிம்மதியினாலா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

நடந்தது இதுதான். இரண்டு நாளாக அந்தக் கதவருகே நின்றுகொண்டிருந்த மாமாவை, வெளிக்காற்றுக்கு வந்த எஞ்சினியர் பார்த்திருக்கிறார். நாகர்கோவில்காரர், முப்பது வயதிருக்கும். மின்சார ரயில் ஓட்டியவர் என்று தெரிந்ததும், "நாளைக்குக் காலையில வாங்க, காட்டுறேன். செருப்போட வராதீங்க, ஷூ போட்டுட்டு வாங்க" என்றிருக்கிறார். மாமாவும் ஷூவோடு போயிருக்கிறார். அவர் உள்ளே இருக்கும்போதே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று ஒழுக ஆரம்பித்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் அவரை மறந்துவிட்டார்கள். யாரோ டார்ச்சைக் கையில் திணித்திருக்கிறார்கள். இவர் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கடலில் யாரும் விழவில்லை. கப்பல் நின்றதற்குக் காரணம் தெரியாதவர்கள், தெரிந்த ஒரு முகத்தைக் காணோம் என்றதும் ஒரு காரணத்தைச் செய்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

மதியம் இரண்டரைக்கு மேல் எஞ்சின் மறுபடி ஓடியது. கூடத்தில் கைதட்டினார்கள். மாமா குளித்துவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் மேல்தளத்தில், நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கத்தியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு டீயோடு வந்து, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதும்மா. சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"நான்தான் மாமா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"கத்தினது நல்லதுதான். அந்த எஞ்சினியர் சொல்றார், 'உங்க மருமக குரல் சைரனைவிட நல்லாக் கேக்குது சார்'ன்னு."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் கேட்டேன்.

"பிரேக் என்னாச்சு மாமா? கண்டுபிடிச்சீங்களா?"

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"பிரேக்கே கிடையாதாம்மா. நிறுத்தணும்னா எஞ்சினை நிறுத்தி, தண்ணிக்கடியில இருக்கற விசிறியைப் பின்பக்கமாச் சுத்தவிடணும். அப்பவும் உடனே நிக்காது. சும்மா விட்டா நாலஞ்சு கிலோமீட்டர் போகுமாம், இப்படிச் சுத்தவிட்டா ஒரு கிலோமீட்டருக்கு மேல போயி நிக்குமாம். நங்கூரம் நிறுத்தறதுக்கு இல்ல, நின்ன பிறகு பிடிச்சு வெக்கறதுக்குத்தானாம். நான் கேட்டேன், 'எதிர்ல ஒரு சின்னப் படகு வந்துட்டா?'ன்னு. அந்தப் பையன் சொல்றான், 'கப்பலைத் திருப்பப் பார்ப்போம் சார். ஹாரன் அடிப்போம். கிட்ட வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது'ன்னு. சாதாரணமா சொல்றான்."

அவர் கப்பல் பின்னால் விட்டுப்போகிற வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு லைன்ல ஒருத்தர் வந்துட்டார்மா. குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவுல. சர்வீஸ்ல சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது அப்ப. சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு லைனைத் தாண்டறார். நல்ல வெளிச்சம். அவர் சட்டைப் பையில பேனா இருந்தது தெரிஞ்சுது எனக்கு. ஹாரன் அடிச்சேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். வண்டி நின்னுது. ஆனா முன்னூறு மீட்டர் தள்ளிப் போய் நின்னுது."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"என்கொயரி பண்ணாங்க. என் மேல தப்பு இல்லன்னு எழுதினாங்க. மூணு நாள் லீவு குடுத்தாங்க. நாலாம் நாள் அதே வண்டி, அதே லைன். இருபத்திரண்டு வருஷம் அந்த இடத்தைத் தாண்டியிருக்கேன், ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், இன்னும் ஒரு செகண்ட் முன்னாடி போட்டிருந்தா, இன்னும் அழுத்திப் போட்டிருந்தான்னு. பிரேக்ல ஏதோ ஒரு வித்தை இருக்கு, நமக்குத்தான் தெரியலேன்னு ஒரு எண்ணம். எங்கேயோ ஒருத்தன் கண்டுபிடிச்சு வெச்சிருப்பான், உடனே நிறுத்தறதுக்குன்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்ளோ பெரிய கப்பலைப் பண்ணவனுக்கும் தெரியல பாரு. ஓடறதுன்னா உடனே நிக்காது போல."

"அத்தைக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது. அன்னைக்கு அவ மாசமா இருந்தா, வயித்துல உன் வூட்டுக்காரன்தான். சொல்ல வேணாம்னு விட்டேன். அப்புறம் சொல்றதுக்கு ஒரு நாளும் தோதா வரல."

 ஆறுதல் சொல்ல எனக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லை. அதனால் ஏழு மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "நான் குரோம்பேட்டையிலேர்ந்து கிண்டிக்குத் தினமும் காலேஜ் போனேன் மாமா, ஒரு நாள் விடாம. மூணு வருஷம். உங்க வண்டியில நிறைய நாள் வந்திருப்பேன். ஒரு நாள்கூட எனக்கு ஒண்ணும் ஆகல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "காலையில எத்தனை மணி வண்டி?"

"எட்டு பத்து."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "வாரத்துல ரெண்டு நாள் அது என்னோடது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். டீ ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச்சு தடைபடவில்லை. உங்கள் பிள்ளை காலையில் காபி குடிப்பாரா டீ குடிப்பாரா என்று கேட்டேன். "காபிதான், ஆனா ரொம்பச் சூடா இருந்தா கோவம் வரும்" என்றார். எதற்கெல்லாம் கோபம் வரும், எதற்கெல்லாம் வராது, வந்தால் முகத்தில் முதலில் எது சிவக்கும், எந்த வயதில் டைபாய்டு வந்தது, எந்தக் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் தாம்பரம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. ஏழு மாதம் கடிதம் எழுதியவரைப் பற்றி, ஒரே சாயங்காலத்தில் அதிகம் தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் மதியம் கரை தெரிந்தது. முதலில் கருமேகம் என்று நினைத்தேன். பிறகு அது பச்சையாயிற்று. தண்ணீர் வரைக்கும் மரங்கள் இறங்கி நின்றன. துறையில் நிற்கும் கூட்டத்தில் நீலச் சட்டையில் என் கணவர். கொஞ்சம் கறுத்திருந்தார். கை அசைக்கலாமா கூடாதா என்று தயங்கி, பாதி தூக்கி, தலையைக் கோதிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

"பிரயாணம் எப்படி இருந்தது? ரொம்ப வாந்தியா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மாமா, "நடுக்கடல்ல நின்னுட்டோம்டா, நாலு மணி நேரம். இவதான் எஞ்சின் ரூமுக்கே வந்துட்டா" என்றார். நான், "அதைச் சொல்லாதீங்க மாமா" என்றேன். கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டை விட்டு வந்தபோது இந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கூடப் பேசியதில்லை.

பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டு ஜீப்புக்காகக் காத்திருந்தோம். பக்கத்துத் துறையில் ஒரு சின்னப் படகு மணியடித்துவிட்டுக் கிளம்பத் தயாராக நின்றது. ஆட்கள், ஆடுகள், ஒரு ஸ்கூட்டர்.

"அது எங்கடா போகுது?" என்றார் மாமா.

"எதிர்க்கரைக்குப்பா. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகும். நாளைக்கு, நாளன்னைக்குப் போலாம்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம். அப்பா, இப்பதான் மூணு நாள் கப்பல்ல வந்திருக்கீங்க."

மாமா என்னைப் பார்த்தார். "போய்ட்டு வந்துடலாமாம்மா?"

"போலாம் மாமா" என்றேன்.

அன்று என் கணவர் இரண்டு டிரங்குப் பெட்டிக்கும் பிரஷர் குக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தார். நாங்கள் எதிர்க்கரையில் இறங்கி, ஒரு கடையில் வடை சாப்பிட்டுவிட்டு, அடுத்த படகில் திரும்பி வந்தோம். அவருக்கு வந்திருந்த கோபம் சரியாக மாமா சொன்ன மாதிரியே இருந்தது: மூக்கு நுனி முதலில் சிவந்தது.

மாமா எங்களோடு நாற்பது நாள் தங்கினார். போர்ட் பிளேரிலிருந்து போகிற எல்லாப் படகிலும் ஏறி இறங்கினார். பிறகு தனியாகக் கப்பலேறித் தாம்பரம் திரும்பினார். தொண்ணூறுகளில் எங்களுக்கு மாற்றல் கிடைத்து நாங்களும் முடிச்சூர் ரோட்டு வீட்டுக்கே வந்துவிட்டோம். அவர் இருந்த வரைக்கும் எனக்கு அந்த வீட்டில் பேச்சுத் துணை அவர்தான். அந்தச் சைக்கிள்காரரைப் பற்றி மறுபடி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. என் கணவரே இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.